பத்து லட்சத்து மூன்று

திருமயம் பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டைப் பார்த்ததும் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன். கடைசி மூன்று இலக்கம் 997. நீ போன நாளிலிருந்து, ஐந்து வருஷமாக நான் பக்கத்திலேயே போகாத எண். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நாம் பிடித்துக்கொண்ட பைத்தியம் அது. பத்து லட்சத்தைத் தாண்டி வரும் முதல் பகா எண் எது? பத்து லட்சத்து ஒன்று 101-ஆல் வகுபடுகிறது என்று கண்டுபிடித்துக் குதித்தாய். அடுத்தது இரட்டைப்படை. அதற்கடுத்த பத்து லட்சத்து மூன்றில்தான் மாட்டிக்கொண்டோம். ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டு பகா எண்கள். அவற்றில் எதுவும் அதை மீதியில்லாமல் வகுக்கக் கூடாது. சின்னவை உனக்கு, பெரியவை எனக்கு என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். "மீதி எழுதாம விட்டா அது கணக்கே இல்லடி" என்பாய்.

அதற்குள் என்னைத் திருமயத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நீ இலுப்பூரில் காசநோயோடு படுத்துவிட்டாய். தபால் கார்டுக்குப் பத்து வகுத்தல் என்று எழுதிக்கொண்டோம். குழந்தை பிறந்ததும் நான் 797-க்கு முன்னால் நின்றுவிட்டேன். இன்னும் முப்பது பாக்கி. அப்போதுதான் உன் கார்டு வந்தது. "என் பங்கு முடிஞ்சிருச்சு. ஒன்னுது என்னாச்சு? நான் இருக்கையிலயே சொல்லிருடி."

இடுப்பில் குழந்தை வீறிட்டது. "எதுவும் வகுக்கவில்லை, பகா எண்தான்" என்று ஒரே வரி எழுதிப் போட்டேன். ஒரு மீதிகூட எழுதவில்லை. எண் எங்கே ஓடிவிடப் போகிறது, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உன்னைப் பற்றி நினைக்கவில்லை, பாவி நான்.

உன் காரியத்தன்று உன் அம்மா ஒரு நோட்டைக் கொடுத்தார். "பென்சிலப் புடிக்கவே முடியலத்தா. அப்பவும் கணக்குப் போட்டுக்கிட்டே கெடந்தா. ஒங்கிட்டக் குடுக்கச் சொன்னா."

797, மீதி 565. உன் கோணல் எழுத்தில் என் பங்கு. ஒவ்வொன்றாக 991 வரைக்கும் நீயே போட்டிருந்தாய். 997-க்கு மட்டும் இடம் விட்டு, "இது நீ போடு" என்று எழுதியிருந்தாய். என் பொய் உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

அதைப் போட்டால் நம் கணக்கு முடிந்துவிடும். போடாவிட்டால் நான் எழுதியது பொய்யாகவே நிற்கும். இரண்டையும் தாங்க முடியாமல் நோட்டைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன்.

இன்றைக்கு டிக்கெட்டின் பின்பக்கத்தில் போட்டேன். குலுக்கலில் எழுத்து கோணிக்கொண்டு போனது. ஆயிரத்து மூன்று தடவை, மீதி பன்னிரண்டு. வகுபடவில்லை. பகா எண்தான்.

"ஏங்க அழுகுறீங்க?" என்று பக்கத்து சீட்டு அம்மாள் கேட்டார்.

"கணக்கு சரியா வந்துருச்சுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, நீ விட்டுவைத்த இடத்தில் பன்னிரண்டு என்று எழுதினேன். சரிபார்க்க நீ இல்லை.