பிந்திச் சொன்ன ஓடர்

இஞ்சருங்கோ,

தெற்கில உங்கட கடைக்குக் கேட்ட கடற்கரை உடுப்பெல்லாம் இந்தப் பொதியில இருக்கு.

எத்தனை தரம் சொன்னனான்! கொழும்பில துணி எடுக்க ஒரு மாதம், வெட்டித் தைக்க இன்னொரு மாதம். அங்க மார்கழியில சீசன் எண்டால் புரட்டாதியிலயே சொல்லவேணும். நீங்கள் கார்த்திகை முடியேக்க சொல்லுறியள். துணி என்ன, மரத்தில காய்க்குதே? கிடைச்சதைத் துணிக்கடைக்காரர் சொன்ன விலைக்கு வாங்கித் தைச்சனாங்கள்.

சித்திரையில இங்க உப்புவெளிக் கடற்கரைச் சீசனுக்கு வாறன் எண்டு போனனீங்கள். வெள்ளைக்காரர் வந்தும் போயிட்டினம். இப்ப இங்க மாரி. அதைப்பற்றி நான் கதைக்கேல்லை.

ஓடரின்ர கடைசியில, சாம்பிளுக்கு எண்டு ஒரு கைக்குழந்தைச் சட்டையும் கேட்டிருக்கிறியள். நாங்கள் குழந்தை உடுப்பு விக்கிறதில்லை. எங்களுக்குக் குழந்தையும் இல்லை. எண்டாலும் மெல்லிய பருத்தியில தைச்சிருக்கிறன். வளர வளரப் பிரிச்சுவிட உள்ளுக்குத் துணி விட்டிருக்கு.

எல்லா ஓடரையும் பிந்தித்தான் சொல்லுவியள். இதையாவது பத்து மாதத்துக்கு முன்னம் சொல்லியிருக்கலாம்.

இன்னும் உங்களுக்குத் தைக்கிறவள்