அம்புக்குறி காட்டிய கூடாரம்

மருத்துவமனை வராந்தாவில் எனக்குக் கிடைத்த அன்பு அக்காவுக்கு,

நலம் என்று முதல் வரியிலேயே எழுதும் தைரியம் இன்று இருக்கிறது. புது மாத்திரை உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா?

நான் போய்விட்டு வந்துவிட்டேன் அக்கா! ஏரிக்கரையில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கினோம். உங்களைப் போலவே எனக்கும் இந்தக் குடல் அழற்சி வந்ததிலிருந்து கழிப்பறைக்கு எட்டுகிற தூரம்தான் என் உலகம் என்பது உங்களுக்குத் தெரியாததா? மகள் இந்த முறை கெஞ்சக்கூட இல்லை. "அம்மா வரமாட்டாங்க, விடுங்கப்பா" என்று சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. கிளம்பிவிட்டேன். ஆனால் அங்கே போய் மானம் போனால், பிறகு வீட்டு வாசலைத் தாண்டவே மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

அங்கே பொதுக் கழிப்பறை மேட்டுக்கு மேலே எங்கேயோ இருந்தது. அதனால் நாங்களே எல்லாம் கொண்டுபோனோம். உட்காரும் வளையம் வைத்த பக்கெட், உள்ளே போடப் பை, மேலே தூவ மரத்தூள், அதற்கென்று தனியாக ஓர் ஒல்லிக் கூடாரம்.

இவர் பெயர்ப்பலகை எழுதுகிறவர் அல்லவா, கை சும்மா இருக்குமா? அவசரத்தில் நான் தடுமாறக் கூடாதென்று அட்டைகளில் சிவப்பு அம்புக்குறி எழுதி மரத்துக்கு மரம் கட்டிவிட்டார். கூடாரத்தின்மேல் கொட்டை எழுத்தில் 'கழிப்பறை' என்று வேறு. நாங்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினால், வாசலில் வரிசை நிற்கிறது! உள்ளே யாரோ நிம்மதியாகப் பாட்டு முணுமுணுக்கிறார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வயிறு முறுக்கியது. சொந்தக்காரர்களிடம்கூட இத்தனை வருடம் மூச்சு விடாததை, முன்பின் தெரியாதவர்களிடம் கத்திச் சொன்னேன். "எனக்குக் குடல்ல நோய். அடக்க முடியாது. இது எங்க கூடாரம். தயவுசெஞ்சு வழி விடுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை அக்கா. வரிசையில் முதலில் நின்ற ஒரு லாரி ஓட்டுநர் கூடாரத்துணியைத் தட்டி, "சீக்கிரம் வாங்க சார், இவங்களுக்கு அவசரம்!" என்றார். பாட்டு பாதியில் நின்றது. பாடகர் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே வெளியே ஓடிவந்தார். மயிரிழையில் தப்பித்தேன். உள்ளே உட்கார்ந்து அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

வெளியே மகளின் குரல் கேட்டது. "எங்கம்மா உள்ள இருக்காங்க. நேரமாகும், நீங்க மேட்டுக்குப் போங்க." அந்தக் குரலில் துளி வெட்கம் இல்லை. அன்று சாயங்காலம் ஏரியைச் சுற்றி நடந்தேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

உங்கள் தம்பி கல்யாணத்துக்கு நீங்கள் போகப்போவதில்லை என்று உங்கள் வீட்டுக்காரர் போனில் சொன்னார். மண்டபத்துக்காரரைக் கூப்பிட்டு, கழிப்பறை எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். ஏன் என்று கேட்டால் சொல்லிவிடுங்கள். நான் முதல் நாளே வந்துவிடுகிறேன். கதவுக்கு வெளியே நான் நிற்பேன். யார் வந்து கேட்டாலும், "எங்கக்கா உள்ள இருக்காங்க" என்பேன். புடவை எடுங்கள் அக்கா.

உங்கள் வயிறும் மனசும் லேசாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,
உங்கள் தங்கை