மேல் இரண்டு அடுக்கு

அக்டோபர் 6, ஞாயிறு

திண்டிவனத்தில் முதல் பஸ் பிடித்து, விழுப்புரத்தில் மாறி, ஊர் போய்ச் சேரும்போது பாதிப் பூசை முடிந்துவிட்டது. அம்மா கண்ணாலேயே திட்டினாள்.

கெடார் தாண்டியதுமே கோபுரம் தெரிந்துவிட்டது. போன தடவை வந்தபோது மூன்று அடுக்கு. இப்போது ஐந்து. வெள்ளையும் அடித்தாகிவிட்டது. டிசம்பரில் சவேரியார் திருநாளன்று மந்திரிப்பு, சாமியார் ஆசீர்வதித்துத் திறந்து வைப்பார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். "மூணுதானேப்பா பேச்சு?"

சிரித்தார். கோயில் கமிட்டித் தலைவர் ஆனதிலிருந்து அவர் நடையே வேறு. "சனங்க குடுத்துக்கினே இருந்தாங்க. நாங்க ஏத்திக்கினே போயிட்டோம். பெரிய ரோட்ல பஸ்ல போறவன் திரும்பிப் பாக்கணும் வாணி. சவுரிராயன் காலனி எதுன்னு கேக்கணும்."

கட்டியது சகாயராஜ் சித்தப்பா, அப்பாவின் பங்காளி. அஸ்திவாரக் கடைக்கால் பற்றி அவரிடம் கேட்டேன். "மூணு அடுக்குக்கு எடுத்ததுதான் பாப்பா. கெட்டியா இருக்கு, கவலப்படாத."

உள்ளே ஏணி ஏறி உச்சிக்குப் போனேன். மணிக்கூண்டுச் சன்னல்களைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள், புறா வராமல் இருக்க. இனி காற்றும் உள்ளே நுழைந்து வெளியேற வழியில்லை. மோதினால் மொத்தக் கோபுரத்தின் மேலும்தான் மோதும். அங்கே நின்று பார்த்தால் ஏரி, கரும்பு, சாலை எல்லாம் தெரிகிறது. அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் பேஜாரு.

கீழே, கோபுர நிழலில், மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

அக்டோபர் 7

கட்டட டிசைன் ஆபீசில் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு கோபுரத்தின் கணக்கையே போட்டுப் பார்த்தேன். மூன்று ஐந்தானால் சாய்க்கிற விசை இரண்டு மடங்குகூட ஆகாது என்றுதான் தோன்றும். அப்படியில்லை. பரப்பும் கூடுகிறது, நெம்புகிற நீளமும் கூடுகிறது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மேலே போகப் போகக் காற்றுக்கும் வேகம் அதிகம்.

எடை கூடியது நல்லதுதானே, கனமானது எளிதில் சாயாதே — கீழே பாறை என்றால் சரி. அங்கே இருப்பது ஏரி மண். காய்ந்தால் கல். நனைந்தால் களி.

ஜெகதீசன் சாரிடம் தாளைக் கொடுத்தேன். எங்கள் கம்பெனியில் எதில் கையெழுத்துப் போடுவதானாலும் அவர்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "யாரோட கட்டடம்மா இது?"

"எங்க ஊர் கோயில் சார்."

தாளைத் திரும்ப முதலிலிருந்து பார்த்தார். "மழைக்கு முன்னாடி மேல் ரெண்டையும் எறக்கச் சொல்லு. அப்புறமா கடைக்கால அகலப்படுத்திட்டு ஏத்திக்கலாம்."

சொல்லு என்கிறார். யாரிடம்?

அக்டோபர் 9

மறுபடி போட்டேன். அதேதான் வருகிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"எங்கப்பன் காலத்துல நம்ம கோயில் கூரைய ஒரு மொழம் ஒசத்தினதுக்கு ஊர்த்தெரு ஆளுங்க வந்து கழிய உருவிப் போட்டானுங்க. தெரியுமா உனக்கு? இப்ப எவனுக்கும் அந்தத் தைரியம் இல்ல. நான் படிக்க வெச்ச பொண்ணு வந்து எறக்குன்றா!"

"எறக்கிட்டு மறுபடி ஏத்தலாம்பா. அடியில அகலம் பண்ணிட்டு—"

"எறக்கினது எது மறுபடி ஏறிச்சி? சொல்லு."

அம்மா காதில் தோடு இல்லை. கோபுரத்துக்குக் கொடுத்துவிட்டாளாம். வேப்பங்குச்சி செருகியிருக்கிறாள். நான் பஸ் ஏறும்போது, "அது நெசமா விழுந்துடுமாடி?" என்றாள்.

விழும் என்று என்னால் சொல்ல முடியாது. விழாது என்றும் சொல்ல முடியாது. இதை அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

அக்டோபர் 20, ஞாயிறு

கமிட்டிக் கூட்டம். பங்குச் சாமியார்தான் என்னைப் பேசச் சொன்னார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "தென்னமரம் நிக்கலையா? அதவிடவா ஒல்லி இது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல கேள்விதான். தென்னை வளையும், வளைந்து திரும்பும். அதன் கீற்று காற்றை நடுவில் விட்டுவிடும். வேர் நாலா பக்கமும் மண்ணைப் பிடித்திருக்கும். செங்கல் வளையாது, பிளக்கும் என்றேன்.

"அப்ப மெட்ராஸ்ல அம்பது மாடி?"

அதுவும் ஆடும், மேலே இருப்பவர்களுக்குத் தெரியாத அளவுக்கு. நடுவில் லிப்ட், படிக்கட்டைச் சுற்றிக் கெட்டியான கான்கிரீட் சுவர் முதுகெலும்பு மாதிரி கீழே வரை போகும். அடியில் பூமிக்குள் தூண்களாக இறக்கியிருப்பார்கள். ஆடலாம், ஆடிவிட்டு நேராக வந்து நிற்க வேண்டும். அதற்குத்தான் அத்தனையும். நம்முடையதற்கு அது எதுவுமில்லை.

சிரிப்பு நின்றது. சகாயராஜ் சித்தப்பா எழுந்தார். "நான் கட்டின ஒரு செவுரு விழுந்திருக்கா? யாராச்சும் சொல்லட்டும். இல்ல, ஊர்த்தெருக்காரன் எவனாச்சும் சொல்லி அனுப்பினானா உன்ன?"

அப்பா அவரைத் தடுக்கவில்லை. அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

இறக்க வேண்டாம் என்று முடிவு.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். எங்கள் கல்லறைக்குப் பாதை கிடையாது. வாய்க்காலில் இறங்கித்தான் போக வேண்டும். அம்மா ஒரு கையில் மெழுகுவர்த்தியும் ஒரு கையில் புடவையுமாக நடந்தாள். பாதை கேட்டு அப்பா கொடுக்காத மனு இல்லை.

அப்பா எங்களோடு சேராமல் முன்னாலேயே போய்விட்டார்.

நவம்பர் 3, ஞாயிறு

சாய்கிறதா என்று பார்க்க, கோபுரத்துக்குள் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டேன். குண்டின் முனை நின்ற இடத்தில் தரையில் ஒரு கோடு. சாமியாருக்கு மட்டும் தெரியும்.

நவம்பர் 10, ஞாயிறு

வாரம் முழுக்க மழை. குண்டு கோட்டில் இல்லை. ஏரிப் பக்கம் ஒரு விரல் தள்ளி நிற்கிறது.

சாமியாரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். "மேலிடத்துக்கு எழுதறேம்மா" என்றார்.

"எப்ப பதில் வரும் சாமி?"

"தெரியல."

"வர்ற வரைக்கும் கோயிலப் பூட்டிடலாமே."

"திருநாள் வருது. எப்படிம்மா பூட்றது? உங்கப்பாகிட்ட நீயே இன்னொரு தடவ..."

போனேன். கோடு, குண்டு என்று ஆரம்பிக்கும்போதே அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நவம்பர் 11

விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் கோபுரத்தைப் பற்றி மனு கொடுத்துவிட்டேன். என் பெயர், என் கையெழுத்து.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒருத்தி, "இன்னா பிரச்சன உனக்கு?" என்று கேட்டாள். எங்க கோயில் என்றேன்.

நவம்பர் 14

வந்துவிட்டார்கள். ஜீப், போலீஸ், அளக்கிறவர்கள். மேல் இரண்டு அடுக்கையும் திருநாளுக்கு முன்னால் இறக்க உத்தரவு.

அம்மா போனில் சொன்னாள். அழவில்லை. "உங்கப்பா அந்த ஆபீசர்கிட்ட கேட்டாருடி. 'சுடுகாட்டுப் பாதைக்கு வருசக்கணக்கா மனு குடுக்கறோம் சார், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இதுக்கு மட்டும் இவ்ளோ ஜல்தியா வந்துட்டீங்களே'ன்னாரு. அவன் ஜீப்ல ஏறிப் போயிட்டான்."



நவம்பர் 19

லீவு போட்டுவிட்டுப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

இயந்திரம் எதுவும் வரக் கூடாது என்று சகாயராஜ் சித்தப்பா சொல்லிவிட்டார். தான் கட்டியதைத் தானே கையால் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கல்லாகக் கூடையில் இறங்கியது. சிலுவையை இறக்கும்போது பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், சாவு வீட்டில் வைப்பது போல. சாலையில் ஊர்த்தெருப் பையன்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விசில் அடித்தான்.

அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். நிமிராமலே சொன்னார்: "நீ கெளம்பு. இனிமே இங்க வராத."

யாரும் என்னைத் திட்டவில்லை. வழி விட்டார்கள். நான் நடக்க நடக்க ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டார்கள்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று கொடியேற்றம். திண்டிவனத்திலேயே இருந்தேன்.

நவம்பர் 30, சனி

புயல். கரண்ட் இல்லை. மத்தியானமே இருட்டிவிட்டது. எதிர் வீட்டு மாடித் தகரம் பிய்ந்து தெருவில் உருண்டுகொண்டே போனது. அம்மாவுக்குப் போன் போகவில்லை.

காற்று ஒரே சீராக அடித்தால்கூடப் பரவாயில்லை. பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கிறது. மாதாவே.

டிசம்பர் 2

பஸ் இல்லை. ஆறு உடைத்துக்கொண்டதாம், திருவெண்ணெய்நல்லூர் பக்கமெல்லாம் தண்ணீர் என்கிறார்கள். போன் இன்னும் போகவில்லை.

டிசம்பர் 5

போய்ப் பார்த்துவிட்டேன். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

காலனியில் இடுப்பளவு தண்ணீர் ஏறியதும் மொத்தப் பேரும் கோயிலுக்குள் போயிருக்கிறார்கள். கிழவர்கள், கைக்குழந்தை, ஆடு எல்லாம். இரண்டு நாள் அந்தக் கோபுரத்தடியில்தான் சோறு பொங்கியிருக்கிறார்கள். அம்மா சொல்லச் சொல்ல நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று அடுக்கும் அப்படியே நிற்கிறது.

கோயில் வாசலில் சேறு தள்ளிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும், "பாத்தியா? ஒரு கல்லு அசையல. முழுசும் இருந்தாலும் நின்னுதான் இருக்கும்" என்றார். அப்பா அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

நின்றிருக்குமா? விழாத ஒன்றைக் காட்டி, விழுந்திருக்கும் என்று யாரிடம் நிரூபிக்க முடியும்? எனக்கே சில நேரம்... வேண்டாம்.

டிசம்பர் 25

திண்டிவனத்திலேயே பூசை கண்டேன். கடைசி பெஞ்சு.

பிப்ரவரி 12

சகாயராஜ் சித்தப்பா ஆபீசுக்கு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் மேசையில் வைத்தார்.

"தண்ணி வடிஞ்சப்புறம் ஏரிப்பக்கமா ஒரு குழி எடுத்துப் பாத்தேன், பாப்பா. யாருக்கும் தெரியாது. அடியில மண்ணு களியாட்டம் வழுக்கிக்கினு போவுது. கடைக்கால் வெடிச்சி வாயப் பொளந்துக்கினு இருக்கு. என் கை உள்ள போச்சி." கையை நீட்டிக் காட்டினார். பெரிய கை. "மேல அந்தப் பாரமும் இருந்து, அந்தக் காத்தும் அடிச்சிருந்தா... உள்ள அவ்ளோ பேரு, என் பேரப்புள்ளைங்களும்..."

"கமிட்டியில சொல்லிடுங்க சித்தப்பா."

"எப்பிடிச் சொல்றது? எனக்கு வேல போறது ஒரு பக்கம். அஞ்சு அடுக்கும் நின்னிருக்கும்ன்ற நெனப்புலதான் உங்கப்பன் ஓட்டிக்கினு இருக்கான். அதையும் புடுங்கிக்கினா என்னா பண்ணுவான்?"

எனக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? வெளியே போங்க என்று வாய் வரை வந்தது. ஆனால் அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்து நின்றது.

"இருக்கிற மூணுமே இனி பத்திரமில்ல" என்றேன்.

"அதுக்குத்தான் வந்தேன். கடைக்கால எப்பிடி அகலம் பண்றதுன்னு போட்டுக் குடு. சுத்தி தேர் நிறுத்த சப்பர மேடை கட்றோம்னு சொல்லிக்கிறேன். கேக்க மாட்டாங்க."

இரண்டு நாளில் படம் தருவதாகச் சொன்னேன். மேடை முடியும் வரை கோபுர வாசலைத் திறக்கக் கூடாது, பக்கத்து வாசல் வழியாகப் போகட்டும் என்றேன். "சரிம்மா" என்றார்.

மே 18, ஞாயிறு

அம்மா போன் பண்ணினாள். சப்பர மேடை முடிந்துவிட்டதாம். நல்ல அகலமாம், கோபுரத்தைச் சுற்றிச் சிவப்புச் சிமெண்டு பூசி, சாயங்காலத்தில் காலனியே அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறதாம்.

"அதுல நின்னு குதிச்சிப் பாக்கறாருடி உங்கப்பா. இதுமேல அஞ்சு என்னா, ஆறுகூட ஏத்தலாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காரு. அறுப்பு முடிஞ்சதும் மேல் ரெண்டையும் திருப்பி எழுப்பறதுன்னு கமிட்டியில பேசிட்டாங்க. பாண்டிச்சேரியிலருந்து இஞ்சினியர் கூப்புடுறாங்களாம்." குரலைத் தாழ்த்தினாள். "உனக்குச் சொல்ல வேணான்னுதான் தீர்மானம். நான் சொன்னன்னு காட்டிக்காத."

சரிம்மா என்றேன்.

சகாயராஜ் சித்தப்பா கேட்டது மூன்று அடுக்குக்கு. நான் படம் போட்டது ஐந்துக்கு. பாண்டிச்சேரிக்காரர் தோண்டிப் பார்த்தாலும், ஐந்துக்கும் இந்தக் கடைக்கால் போதும் என்றுதான் சொல்வார்.