வீட்டுக்கு ஒரு போன்

சாப்பிட்டேன் அம்மா, உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இருமல் குறைந்ததா? வேலையில்தான் சின்னப் பிசகு. எட்டயபுரம் பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்காக, இங்கே புனேயிலிருந்து நோயாளிகளின் டேட்டாபேஸை அமைத்தேன். போன் எண்ணையே ஆளுக்கு அடையாளமாக வைத்தேன். நம் வீட்டில் நாலு பேருக்கும் உன் போன்தான் என்பதை எப்படி மறந்தேன்? ஒரே எண்ணில் பதிந்தவர்களில் கடைசி ஆளின் விவரம் மட்டுமே மிஞ்சியது. அங்கே மருந்து வாங்கும் ஆவுடைத்தாய் என்ற அம்மாள் என்னைப் போனில் கூப்பிட்டுச் சிரித்தார்.

"ஏட்டி, மாசமா இருக்க மருமவகிட்ட என் சுகர் மாத்திரைய குடுத்து விட்டிருக்காவ! நான் பாக்கலன்னா முழுங்கிருப்பால்லா!"

பார்க்காத வீடுகள் எத்தனையோ. வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்கிறார் மேலாளர். ஞாயிற்றுக்கிழமை போனை அண்ணனிடம் கொடுக்காதே, உன்னிடம் பேச வேண்டும்.

இதை எழுதும்போதே எழுந்துபோய் அந்த மருத்துவமனையின் மருத்துவரைப் போனில் அழைத்தேன். தவறு என்னுடையது, அந்தப் பதிவைப் பார்த்து மாத்திரை கொடுப்பதை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சுதாராணி