சீமாட்டியின் கதையில் நீ எழுதாமல் விட்ட வரி

என் அருமைத் தனத்துக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. உன் மூக்குக் கண்ணாடி அதன் கூட்டில், அலமாரியின் இரண்டாம் தட்டில், பேனாவுக்கு இடப்பக்கம் இருக்கிறது. நீ வைத்த இடத்திலேயே. "வாத்தியாருக்கு அலமாரி மட்டும் வரிசையா இருந்தாப் போதும்" என்று நீ சொல்வது கேட்கிறது.

எதிர் வீட்டில் டி.வி. வாங்கிவிட்டார்கள். எறையூர் ஆலைக்குக் கரும்பு லாரிகள் போகத் தொடங்கியதால் நம் ஜன்னலெல்லாம் புழுதி. பையன்கள் இருவரும் மாதம் ஒரு கடிதம் போடுகிறார்கள். நூலக வாசகர் வட்டத்தில் ஆண்டு மலருக்கு என் சீமாட்டிக் கட்டுரையைக் கேட்டார்கள். அதைக் கொடுக்கத்தான் நோட்டை எடுத்தேன். இப்போது அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இதைப் படிக்கப் போகிற மற்றவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். எமர்ஜென்சி முடிந்த வருடம் ஓய்வு பெற்றேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ஜார்ஜ் மன்னர்களின் போர்களைச் சொல்லிக்கொடுத்தவனுக்கு, அந்தக் காலத்து வீடுகளுக்குள் என்ன நடந்தது என்பது தெரியாது. திருச்சியில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு தோலட்டைப் புத்தகத்தில் அக்காலத்து இங்கிலாந்துச் சீமாட்டி ஒருத்தியின் குடும்பக் கதை இருந்தது. அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். நான் கிறுக்கிப் போடுவேன், நீ உன் உருண்டைக் கையெழுத்தில் நோட்டில் நகலெடுப்பாய்.

அவள் மாளிகையில் ஐம்பது வேலைக்காரர்கள். பிள்ளைகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு குளிப்பாட்டி, உடுத்தி, ஒரு மணி நேரம் கூடத்துக்குக் கொண்டு வருவார்கள். தாய் பார்ப்பாள். பிறகு மாடிக்குக் கொண்டு போய்விடுவார்கள்.

"ஏங்க, இது புள்ளைங்களா, கொலு பொம்மையா?" என்றாய். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு எப்படி வந்தது?

நம் வாசுகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது அவளுக்குப் பதினான்கு மாதம். சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். அரியலூர் அண்ணன் வந்திருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. தகப்பன் இல்லாத என்னைப் படிக்க வைத்தவர் அவர். சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார்: "ஒனக்குத்தான் ரெண்டு பயலுவ இருக்கானுவளே. இந்தப் பொண்ண எங்களுக்குக் குடுத்துடுடா. தனம் என்ன சொல்லும்?"

நீ கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். பத்தடி தூரம். கூப்பிட்டிருக்கலாம்.

"அவளுக்கும் சம்மதந்தாண்ணே. அவளே சொல்லிக்கிட்டிருந்தா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் சம்மதம் என்று சொல்லக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. உன் பெயரைப் போட்டுக்கொண்டேன்.

அவர் போன பிறகுதான் உன்னிடம் சொன்னேன். "எம் புள்ளயக் குடுக்க என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாய். அண்ணன் செய்த உதவிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். "அப்ப நீங்க போயி அவரு வூட்டுல இருங்க. எம் புள்ள எதுக்குப் போவணும்?" என்றாய். வாக்குக் கொடுத்தாயிற்று என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பெரம்பலூர் பஸ் நிலையம். அண்ணி ஜன்னலோரம் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கண்டக்டர் கேட்டார்: "ஏம்மா, ஏறுறீங்களா இல்லியா? வண்டி நவுரணும்."

"அவங்க வரல. நீங்க எடுங்க" என்றேன், உன் சார்பில். நீ கையை எடுத்தாய். வண்டி போய்விட்டது.

நீ அவளுக்கு இன்னும் பால் மறக்கடிக்கவில்லை. அது கூட எனக்குத் தோன்றவில்லை. பால் கட்டிக்கொண்டு ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாய். பக்கத்து வீட்டு அம்மாள் மல்லிகைப் பூவை அரைத்து மாரில் பற்றுப் போட்டு, பால் வற்ற வைத்தார். அதன் பிறகு நீ தலையில் மல்லிகை வைக்கவில்லை. கனகாம்பரம்தான். எத்தனை வருடம் கழித்து நான் அதைக் கவனித்தேன் தெரியுமா? உன் படத்துக்குப் பூ வாங்கப் போனபோது.

வாசுகி அரியலூரில் நன்றாக வளர்ந்தாள். உன்னைச் சித்தி என்றாள். பொங்கலுக்குப் போனால் அண்ணி பக்கத்திலேயே இருப்பார்கள். நீ அவள் தலையைத் தொட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வாய். அவள் கல்யாணத்தில் அண்ணனும் அண்ணியும் தாரை வார்த்தார்கள். நீ பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாய்.

இவ்வளவுக்கும் பிறகுதான் அந்தச் சீமாட்டியின் கதையை உன் கையில் கொடுத்து நகலெடுக்கச் சொன்னேன்.

பிரபு வீட்டுப் பெண்கள் பிள்ளை பெற்றதும் அதைக் கிராமத்துச் செவிலியிடம் அனுப்பிவிட்டு, பால் வற்றத் தங்கள் மார்பைத் துணியால் இறுகக் கட்டிக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தேன். உன் பேனா நின்றது.

"அந்த ஊருல மல்லியப்பூ கெடைக்காதாங்க?"

"குளிர் தேசம், அங்கே எல்லாம் வராது" என்று வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். நீ தலையாட்டிவிட்டு எழுதினாய்.

கட்டுரையின் கடைசிப் பகுதியில் சீமாட்டி கணவனைப் பிரிகிறாள். அந்நாட்டுச் சட்டப்படி பிள்ளைகள் தகப்பனுக்கு மட்டுமே உரியவர்கள். தாய் அவர்களைப் பார்க்கவும் அவன் அனுமதி வேண்டும். கிடைத்தாலும் அரை மணி நேரம், அறையில் ஒரு வேலைக்காரியை நிற்க வைத்து. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும், 'அவள் ஐந்து பிள்ளைகளையும் தானாகவே விட்டுச் சென்றாள்' என்று முடித்திருந்தேன்.

"தானாவே போனாங்கன்னு யாரு சொன்னது?" என்றாய்.

"கணவரோட தங்கச்சி எழுதுன கடுதாசியில இருக்கு."

"அந்தம்மா எழுதுனது?"

"கிடைக்கல."

"கெடைக்கலியா, நீங்க தேடலியா?"

நான் சட்டத்தை விளக்க ஆரம்பித்தேன். நீ மூடியைப் பேனாவில் செருகினாய். "நம்ம ஊருல சட்டம் இல்லாமயே ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாய். அப்போதாவது எழுந்து உன் பின்னால் வந்திருக்க வேண்டும். மார்ஜின் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வாசுகி வந்தாள். எல்லோரும் போன பிறகு நின்றாள். "சித்தப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? 'ஒங்க சித்தி தானா தூக்கிக் குடுத்தா, ஒரு சொட்டுக் கண்ணீர் வுடல'ன்னு அப்பா சொல்லுவாரு. நெசமா?"

அண்ணன் இறந்து இரண்டு வருடமாகிறது. இனி யாருக்குப் பயம்? ஆனாலும், "ரொம்ப நாளாச்சும்மா. நெனவில்ல" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். உன் பார்வை. "சரிங்க சித்தப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பையை எடுத்துக்கொண்டாள்.

அண்ணன் பொய் சொல்லவில்லை, தனம். நான் சொன்னதைத்தான் அவர் சொன்னார்.

போன வாரம் மலருக்காக நோட்டைச் சரிபார்த்தேன். உன் நகலில் ஒரு எழுத்துப் பிழை இல்லை, ஒரு சொல் விடுபடவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் அந்த 'தானாகவே' வாக்கியம் இல்லை. ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறாய். திருத்தவும் இல்லை, கேள்விக்குறி போடவும் இல்லை. வெறும் இடம். அந்த இடம் சீமாட்டிக்காக மட்டும் விட்டதல்ல.

இந்தக் கடிதத்திலும் ஒரு திருத்தம் இருக்கிறது. மேலே, பஸ் நிலையத்தில் 'நீ கையை எடுத்தாய்' என்று எழுதியிருக்கிறேன். அது சரியல்ல. நீ எடுக்கவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்ததும் உன் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டது நான். நீ அழவில்லை என்பது உண்மை. வாயைத் திறந்தால் குழந்தை பயந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

வெள்ளிக்கிழமை காலை அரியலூர் பஸ்ஸில் போகிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் வாசுகி அண்ணியோடு அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மலர் அச்சாகி வந்து அவள் பிறர் வாயால் கேட்கக் கூடாது. கம்பியைச் சொல்வேன், விரல்களைச் சொல்வேன், மல்லிகையைச் சொல்வேன். கேட்டுவிட்டு அவள் உள்ளே எழுந்து போகலாம். அண்ணி என்னை வாசலோடு அனுப்பலாம். அனுப்பட்டும். பொங்கலுக்குப் பொங்கல் நீ வெறுங்கையோடு திரும்பி வந்த அதே வழியில் நானும் வருவேன்.

நோட்டையும் எடுத்துப் போகிறேன், அவளிடம் கொடுப்பதற்கு. நீ விட்ட இடத்தை இன்று காலை உன் பேனாவால் நிரப்பினேன். என் எழுத்து உன்னுடையதைப் போல உருண்டையாக இல்லை. 'அவளை யாரும் கேட்கவில்லை.'

இப்படிக்கு,
வாசுகியைப் பெற்றவளின் கணவன்