டைட்டானியம் சைக்கிளுக்கு ஒரு ஃபோர்க்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே காத்து. மல்லாங்கிணறு ரோட்டில் எதிர்க்காத்தில் மிதிச்சதில் தொடை வலி. அதைவிட மணிக்கட்டு. முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் செத்துப்போச்சு. எண்ணெய் கசிஞ்சு டயரெல்லாம் பிசுபிசு. பள்ளத்தில் இறங்கினா அடியில் போய் இடிக்குது, எழும்பி வர மாட்டேங்குது. உதிரி எங்கேயும் கிடைக்கலை. சஸ்பென்ஷன் இல்லாத சாதா ஃபோர்க் போட வேண்டியதுதான்.

அமெரிக்காவில் வேலை பார்த்தப்ப பழசா வாங்கிய டைட்டானியம் வண்டி. இன்னும் ஒரு பொட்டுத் துரு இல்லை. நம்ம லேபிள் அச்சடிக்கிற பிரஸ் வாசலில் நிறுத்தினேன். பட்டாசு சீசன், ஞாயிறும் லோடு. ஏத்த வந்த ரெண்டு பேர்:

"ஏலே, சில்வர் பெயிண்ட் நல்லா அடிச்சிருக்காக."

"பெயிண்ட் இல்லலே. இரும்பே அப்படித்தான்."

ஜூன் 11, புதன்

வெயில். வெடி லேபிள் ஆர்டர் ரெண்டு முடிஞ்சது. வெங்காயம் வாங்கணும்.

பழைய ஃபோர்க்கை அளந்தாச்சு. நான் ஏறி உட்கார, வீட்டுக்காரர் டேப் பிடிச்சாக. சக்கர அச்சிலிருந்து ஃபோர்க் தலை வரை 42 செ.மீ.

வேண்டியது: அதே நீளம். சக்கர விளிம்பைப் பிடிக்கிற என் ரிம் பிரேக்கை மாட்ட ரெண்டு குமிழ். கார்பனா, ஸ்டீலா? கார்பன் லேசு. ஸ்டீல் அடி தாங்கும்.

"நீளம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா என்ன?" இவுக.

"முன்பக்கம் தூக்கிக்கும். ஹேண்டில் சொன்ன பேச்சு கேக்காது."

இவுக டேப்பைச் சுருட்டிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக.

ஜூன் 14, சனி

பார்சல். கல்யாண நாளுக்காம். போன வாரமே என்னைக் கேக்காம இவுக ஆர்டர் போட்டது. கார்பன் ஃபோர்க், கருப்பு. முருங்கைக்காய்க் கட்டு கனம்கூட இல்லை. அவ்வளவு அழகு.

நீளம் 49. பெரிய சக்கரத்துக்குச் செஞ்சது. டிஸ்க் பிரேக் மட்டும்தான் மாட்டலாம்.

"இருக்கதுலயே லேசானதா பாத்து வாங்குனேன். ஏத்தத்துல ஒனக்கு மூச்சு வாங்குதுல்ல."

முகத்தைப் பாத்ததும் சொல்ல வாய் வரலை. நாளைக்கு மதுரையில் கொடுத்து மாட்டிருவோம்னாக. தலையாட்டிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

மதுரை. ஹேண்டில் மாட்ட, ஃபோர்க் தலைக்கு மேல நீட்டிட்டிருக்கிற தண்டைக் கடைக்காரர் அளந்து கோடு போட்டு ரம்பத்தை எடுத்துட்டார். அறுத்துட்டா கம்பெனியில் திருப்பி எடுக்க மாட்டாங்க.

"பொறுங்க," என்றேன். இவுக பக்கம் திரும்பி, "இது என் சைக்கிளுக்கு ஆகாதுங்க. பிரேக்கே மாட்ட முடியாது."

இவுக கடைக்காரர் கையிலிருந்து ஃபோர்க்கை வாங்கிக்கிட்டாக. "தெரியும். டேப் பிடிச்சப்பவே தெரியும். எப்படியாச்சும் பொருந்திரும்னு நெனச்சேன்."

"எனக்கு நேத்தே தெரியும்."

"பெறகு ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

கடைக்காரர் ரம்பத்தை வச்சுட்டு டீ சொன்னார். மூணு பேருமா போனில் தேடி ஸ்டீலில் ஒண்ணு பிடிச்சோம். 42-க்கு அரை செ.மீ. கூட. பரவாயில்லை. "கனமா இருக்குமே"ன்னு இவுக ஒரு தரம்தான் சொன்னாக. கார்பன் திரும்பிப் போகுது. கொஞ்சம் வருத்தம்தான், ரெண்டு பேருக்கும்.

வரும்போது விருதுநகரில் எண்ணெய் புரோட்டா. இவுக நாலு.

ஜூன் 29, ஞாயிறு

மேகமூட்டம். ஸ்டீல் ஃபோர்க்கோடு விஸ்வநத்தம் வரை. இவுக ஸ்கூட்டரில் பின்னாலயே. நினைச்ச பக்கம் திரும்புது வண்டி. ரோட்டுக் கல்லெல்லாம் கைக்குத் தெரியுது, வலிக்கலை.

பட்டாசு ஃபேக்டரி கேட் பக்கம் நிறுத்தினதும் இவுக, "நான் ஒரு சுத்து ஓட்டிப் பாக்கட்டா?"

வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஏறினாக. திரும்பி வரவே இல்லை. ஸ்கூட்டர் சாவியும் அவுக கிட்ட. வேப்பமர நிழலில் நின்னு நின்னு கால் கடுத்துப்போச்சு.

வேர்த்து ஊத்த வந்து இறங்கினாக.

"செல்வி, எனக்கும் ஒண்ணு பாப்பமா?"