ஐஸ்கிரீம் பெட்டிக்குள் இருந்த கூழாங்கற்கள்

அப்பா,

நீங்கள் இல்லாத அம்மருட் வீட்டைக் கொடுத்துவிட்டு அம்மா என்னோடு வரச் சம்மதித்துவிட்டா. போன சனிக்கிழமை, கட்டடத்துக்கு அடியில் இருக்கும் நம் சாமான் அறையை ஒதுக்கினேன். உங்கள் வேலைக் கையுறைகளுக்குக் கீழே ஓர் ஐஸ்கிரீம் பெட்டி. மூடியைத் திறந்ததும் வெட்டிய புல்லும் பெற்றோலும் கலந்த உங்கள் மணம் வந்தது. உள்ளே கூழாங்கற்கள், ஒவ்வொன்றும் பேப்பர்த் துண்டில் சுற்றியபடி. பதினைந்து வயதில் நான் சொன்ன பொய் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

அப்போது நீங்கள் நகரத்துக்குள் இருக்கும் பழைய யூதர் சவக்காலையில் புல் வெட்டினீர்கள். கல்லறைகளின் மேல் யாரோ சிறு கற்களை வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னீர்கள்.

"ஆரோ குறி வைக்கிறாங்கள், பிள்ளை."

அம்மா சிரித்தா. "சின்னப் பிள்ளையள் விளையாடியிருக்கும். உங்களுக்குப் பறக்கிற காகத்திலயும் சந்தேகம்."

"விளையாடுற பிள்ளை கிழமைக்குக் கிழமை ஒரே கல்லறைக்கு ஏன் வருது?"

சண்டைக் காலத்தில் ஊரில் குறி வைத்த வீடுகளைத் தேடி யார் வந்தார்கள் என்பதை நீங்கள் மறக்கவில்லை. அழைப்புமணியில்கூட நம் பெயரை முழுதாக எழுத விட்டதில்லை. "அரைப்பேர் போதும். முழுப்பேர் கேக்கிறவன் எங்கையோ எழுதத்தான் கேக்கிறான்" என்பீர்கள். அதனால் காலையில் போனதும் முதல் வேலையாக அந்தக் கற்களைப் பொறுக்கி எடுத்தீர்கள்.

கோடை விடுமுறையில் உங்களுக்குச் சோறு கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? ஒரு வயதான பெண் வந்து, கற்கள் எங்கே என்று நோர்வேஜிய மொழியில் கேட்டா. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "தெரியாது எண்டு சொல்லு." வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே பதில் சொல்லத் தடுமாறும் எனக்கு அன்று பொய் நன்றாகவே வந்தது. அப்பா கல் எதையும் காணவில்லை என்று சொன்னேன். உங்கள் காற்சட்டைப் பை புடைத்திருந்தது. அவ அதையும் பார்த்தா.

"நாங்கள் பூ வைக்கிறதில்லை. வந்துபோனதுக்கு ஒரு கல் வைப்பம்" என்றா. அது அவவின் அப்பம்மாவின் கல்லறை. பிறகு மூலையில் இருந்த வேலைச் சாமான் கொட்டிலைக் காட்டினா. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் யூத ஆண்களைப் பெயர்ப் பட்டியல் வைத்துப் பிடித்தபோது, அவவின் அப்பா அதற்குள் மண்வெட்டிகளோடு இரண்டு நாள் பதுங்கியிருந்து, பிறகு காட்டுவழியால் சுவீடனுக்குத் தப்பினாராம். "பொலிஸ் வந்து கேட்க, இங்கே வேலைசெய்த மனிதர் தெரியாது என்று சொன்னார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனா.

நான் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். நீங்கள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டீர்கள். திரும்பும்போது பஸ்ஸில் சொன்னீர்கள். "அந்த மனுசன் ஒருத்தரைக் காப்பாத்தப் பொய் சொன்னவர். நாங்கள் எங்களைக் காப்பாத்தப் பொய் சொன்னனாங்கள்."

அதன்பிறகு நீங்கள் ஒரு கல்லும் எடுக்கவில்லை. எடுத்தவற்றை ஆற்றில் போட்டிருப்பீர்கள் என்று எனக்கு உள்ளூரச் சந்தேகம். கேட்கவில்லை. பட்டம் பெற்று, பதிவேடுகளைப் பராமரிக்கும் வேலை கிடைத்தபோது, "கடைசியில எழுதுறவங்கட பக்கம் போயிட்டாய்" என்று சிரித்தீர்கள். அப்போதும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பேப்பர்களை விரித்தேன். "மூண்டாம் வரிசை, வேலியிலிருந்து அஞ்சாவது. காலமை ஏழு மணி." கல்லறை எழுத்து வாசிக்கத் தெரியாததால் எண்ணி எழுதியிருக்கிறீர்கள். ஏதும் நடந்தால் முதலில் உங்களைத்தான் விசாரிப்பார்கள் என்று பயந்து, சாட்சிக்கு வைத்திருக்கிறீர்கள். பிறகு திருப்பி வைக்க வெட்கம் விடவில்லையாக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு அந்தச் சவக்காலைக்குப் போனேன். வாசலில் காவலுக்கு நின்ற ஓர் இளைஞர் மறித்தார்.

"பைக்குள் என்ன?"

"கல்."

அவர் ஓரடி பின்வாங்கி, கைபேசியை எடுத்தார். யூதர் சவக்காலைக்குப் பை நிறையக் கல்லோடு வந்து நிற்கும் ஒருத்தியை நானும் நம்பியிருக்க மாட்டேன். தெரியாது என்று சொல்லித் திரும்பியிருக்கலாம். "என் அப்பா எடுத்தவை. அவர் எடுக்கவில்லை என்று நான் பொய் சொன்னேன்" என்றேன். பேப்பரை வாசித்துக் காட்டினேன்.

"எந்தப் பக்கத்து வேலி?" என்று கேட்டார். அவர் முகம் இன்னும் இளகவில்லை. கொட்டில் இருந்த பக்கம் என்றேன். அவரும் கூட நடந்து வந்து எண்ணினார். ஒவ்வொரு கல்லையும் அதனதன் இடத்தில் வைத்தேன். அந்த அப்பம்மாவின் கல்லறைக்கு மட்டும் ஏழு கற்கள்.

நான் புறப்படும்போது என் பெயரைக் கேட்டார். வாய்வரை அரைப்பெயர் வந்தது. ஆனால் என் பெயரின் மறுபாதி உங்கள் பெயர்தானே, அப்பா. முழுதாகச் சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி, ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

பேப்பர்த் துண்டுகள் என்னிடம் இருக்கின்றன. அந்தக் கொப்பி எங்கே போகும் என்ற பயமும் கூடவே இருக்கிறது.